படியைக் கட்டுவதா, பாட்டியைப் பெயர்ப்பதா?

முதியோர்க்கும் உடற்குறை உற்றோர்க்கும் உதவுதல் அறம் என்பதில் மாறுபட்ட கருத்துக் கொள்வார் எவரும் இலர். ஆனால் உதவி என்னும் அச்சொல்லுக்குள் வெவ்வேறான இரண்டு செயல்கள் அடங்கியிருக்கின்றன என்பதை நாம் பல்லாண்டுகள் உணராதிருந்தோம். ஒன்று, இயலாதவரை அவர் வாழும் இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து நம் இடத்தில் வைத்துக் காப்பது. மற்றொன்று, அவர் இருக்கும் இடத்திற்கு நாம் சென்று, அவருக்கு இடையூறாய் நிற்கும் படியையோ கதவையோ குழாயையோ சரிசெய்துவிட்டு விடைபெற்று வருவது. முன்னதைக் கடமை என்று நம் சமுதாயம் போற்றுகிறது. பின்னதற்கு நம்மிடம் நல்லதொரு பெயர்கூட இல்லை. ‘ரிப்பேர் வேலை’ என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். இவ்விரண்டனுள் எது எப்பொழுது அறமாகும் என்னும் வினாவை வாசக அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம். இதனை நாம் நூல்களிலிருந்து முதலில் கற்கவில்லை. ஒரு தவறு செய்தோம். பின்னரே நூல்களைத் தேடினோம்.

நம் தந்தையாருடன் பிறந்த அத்தையார், வந்தவாசிக்கு அருகே ஒரு சிற்றூரில், கணவர் மறைந்தபின் 14 ஆண்டுகள் தனியே வாழ்ந்து வந்தவர். பழைய நாட்டு ஓட்டு வீடு. தெருவிலிருந்து திண்ணைக்கு ஏற மூன்று கருங்கற்படிகள், திண்ணையிலிருந்து உள்ளே செல்ல அரை அடி உயர நிலைப்படி, நடுவே முற்றம், அதனைக் கடந்தால் சமையலறை, அங்கிருந்து கொல்லைக்கு இறங்க மீண்டும் இரண்டு படிகள். கிணறும் கழிவறையும் கொல்லையில் இருந்தன. இளமையில் நாளொன்றுக்கு எத்தனை முறை ஏறி இறங்கினாலும் படிகளை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 78-ஆம் வயதில், மழை பெய்து ஓய்ந்த ஒரு விடியலில், கொல்லைப்படியில் அத்தையார் வழுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. செய்தி கிடைத்த அன்றே நாம் வாடகைக் காரில் சென்று அவரைச் சென்னைக்கு அழைத்து வந்துவிட்டோம். வீட்டைப் பூட்டிச் சாவியை நாமே வைத்துக்கொண்டோம். ஊரார் நம்மைப் பாராட்டினர். நாமும் நம்மைப் பாராட்டிக் கொண்டோம் என்பதை மறைப்பானேன்?

எட்டு மாதங்கள் அத்தையார் நம் இல்லத்தில் இருந்தார். தனியறை, மின்விசிறி, வேளை தவறாத மருந்து, பேரப்பிள்ளைகளின் பேச்சு என எதற்கும் குறைவில்லை. ஆயினும் அவர் உடல் மெலிந்துகொண்டே வந்தது. பசி எடுக்கவில்லை என்றார். மருத்துவர் சத்து மருந்து எழுதித் தந்தார். நாமும் வாங்கித் தந்தோம். உண்மை வேறாக இருந்ததைப் பின்னரே அறிந்தோம். அத்தையார் அறிவு தெரிந்த நாள் முதல் பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் நியமம் உடையவர். நம் இல்லத்திலோ, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அடுப்பு மூட்டுவதே இரவு எட்டு மணிக்குத்தான். மருமகள் அலுவலகத்திலிருந்து திரும்ப ஏழு மணியாகும். தமக்கெனத் தனியாக ஐந்தரை மணிக்கு உணவு கேட்பதற்கு அத்தையார் கூசினார். பிறர் சமையலறையில் ஒற்றைக் கையால் பாத்திரங்களைப் புழங்கவும் தயங்கினார். ஆகவே கேட்பதற்குப் பதிலாக மாலை உணவையே விட்டுவிட்டார். அதனைத்தான் நாம் பசியின்மை என்று கருதி மருந்து வாங்கினோம்!

ஒருநாள் அவரே வாய்திறந்தார்: “எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லையப்பா. ஆனால் ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூட, யார் சும்மா இருக்கிறார்கள் என்று பார்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. என்னை ஊரில் கொண்டுபோய் விட்டுவிடு.” மறுபடியும் விழுந்தால் என் செய்வீர்கள் என்று நாம் கேட்டோம். அதற்கு அவர் சொன்ன விடை இன்றும் நம் செவியில் இருக்கிறது: “உடைந்தது கொல்லைப்படிதானே? படியைக் கட்டாமல் என்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாயே!”

அப்படி உடைந்திருந்தது உண்மை. அதன் விளிம்புக் கல் பெயர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு பொங்கலுக்கும் சென்றபோது நாமும் அதனைத் தாண்டித்தான் நடந்திருக்கிறோம்.

ஊரிலிருந்த கொத்தனார் ஒருவரையும், பக்கத்து ஊர் ஆசாரி ஒருவரையும் அழைத்துக்கொண்டு அவ்வீட்டினுள் சென்றபோதுதான், வீடு என்பது எத்தனை தடைகளின் தொகுதி என்பது நமக்குப் புலனாயிற்று. கொத்தனார் முதலில் நிலைப்படியைப் பெயர்த்துவிடலாம் என்றார். நமக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. அத்தையார் ஒப்பவில்லை. “இந்த வீட்டுக்கு நான் வந்த நாளில் தாண்டி வந்த படி இது; நாள் கிழமையில் மஞ்சள் பூசி வருகிறேன். இதை எடுப்பதென்றால் நான் சென்னைக்கே வந்துவிடுகிறேன்” என்றார். நாம் சற்றுச் சினந்தோம். கால் இடறும் கட்டையைக் காப்பாற்ற வேண்டும் என்பது அறிவுடைமையா என்று வாதிட்டோம். ஆசாரியோ வாதிடவில்லை. தரையில் குந்தி அமர்ந்து, நிலைப்படியின் உயரத்தை முழக்கோலால் அளந்தார். “அம்மா, படி அப்படியே இருக்கட்டும். இருபுறமும் சரிவாகப் பலகை சார்த்திவிடுகிறேன். நிலைக்காலில் ஒரு பிடியும் வைத்துவிடுகிறேன். பிடித்துக்கொண்டே ஏறி இறங்கலாம்” என்றார். பத்தே நிமிடங்களில் முடிந்த பேச்சு அது. நம் கல்வி அங்கே பயன்படவில்லை.

அவ்வேலையின் நுட்பங்களைச் சிறிது விரித்துரைப்பதை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். அச்சுவர்கள் மண்சாந்தில் கட்டிய செங்கற் சுவர்கள்; மேலே சுண்ணாம்புப் பூச்சு. துளையிட்டுத் திருகாணி முடுக்கினால் பூச்சு உதிர்ந்து விழுமேயன்றி, ஓர் ஆளின் எடையைத் தாங்காது. எனவே கொல்லைப்படியின் அருகே தரையைத் தோண்டி, சிமெண்டுக் கலவையில் இரும்புக் குழாயை ஊன்றிக் கைப்பிடி அமைத்தார் கொத்தனார். குழாய் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் பருமன் இருந்தால் முதியோர் கைக்குள் அடங்காது என்பதும், சுவருக்கும் குழாய்க்கும் இடையே விரல்கள் நுழையும் இடைவெளி வேண்டும் என்பதும் அப்பொழுதுதான் அறிந்தோம். உயரத்தை எந்த அளவுப் புத்தகத்தையும் பார்த்து அவர் முடிவு செய்யவில்லை. அத்தையாரை நிற்கச் செய்து, கை தொங்கும்போது மணிக்கட்டு எங்கே வருகிறதோ அங்கே கரியால் கோடிட்டார். வலக்கை வலுவிழந்ததால் இறங்கும்போது இடக்கைப் பக்கம் பிடி வரவேண்டும் என்பதையும் அவரே கேட்டறிந்தார். கழிவறையின் வழுவழுப்பான தரையை நீக்கிச் சொரசொரப்பான ஓடு பதித்தார். கொல்லை விளக்கின் சுவிட்ச், படிகளைக் கடந்தபின் வெளிச்சுவரில் இருந்தது. இருட்டில் இறங்கிச் சென்ற பிறகே விளக்கைப் போட முடியும்! நாற்பது ஆண்டுகள் அவ்வீட்டில் அனைவரும் அப்படித்தான் இறங்கியிருக்கிறோம். அதனைச் சமையலறைக்குள் மாற்ற எலக்ட்ரீஷியனுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இருவருக்கு நான்கு நாள் வேலை. செலவுத்தொகையைக் கேட்டால் எவரும் வியப்படையார். சென்னையில் நாம் மருத்துவருக்கும் மருந்துக்கும் கொடுத்ததைவிடக் குறைவு.

இங்கே ஒரு தத்துவ வினா எழுகின்றது. அத்தையார் விழுந்ததற்குக் காரணம் அவருடைய முதுமையா, அப்படியா? முதுமை என்றால் அதற்குப் பரிகாரம் இல்லை; அவரைக் காவலில் வைப்பதே வழி. படி என்றால் பரிகாரம் கொத்தனாரிடம் இருக்கிறது. இயலாமை உடலில் உள்ளது என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். உடலுக்கும் கட்டடத்திற்கும் இடையே உள்ள பொருத்தமின்மையில்தான் அதன் பெரும்பகுதி இருக்கின்றது என்னும் கருத்து, உடற்குறையுற்றோர் தாமே போராடி உலகுக்கு உணர்த்தியதாகும்.

அவர்களுள் ஒருவர் அமெரிக்க நாட்டின் எட் ராபர்ட்ஸ். 1953-இல், 14 வயதில், இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே ஏறத்தாழ முழுவதும் செயலிழந்தவர். சுவாசிக்கவும் இயந்திரத்தின் துணை தேவைப்பட்டவர். வேலைக்குத் தகுதி பெறவே இயலாதவர் என்று கூறிக் கலிபோர்னியா மாநில மறுவாழ்வுத் துறை முதலில் அவர் கல்விக்கு உதவ மறுத்தது. அவர் விடவில்லை, 1962-இல் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தார். 1972-இல் அந்நகரில் ‘சுதந்திர வாழ்வு மையம்’ ஒன்று அமைந்தது. அதனை வளர்த்தவர்களுள் அவர் முதன்மையானவர். 1975-இல், முன்பு தம்மை மறுத்த அதே துறைக்கு அவர் தலைவராக அமர்ந்தார். 1995-இல் மறைந்தார். எட் ராபர்ட்ஸால் ஒரு குவளையைத் தாமே எடுத்துப் பருக முடியாது. எனினும் தம்மைச் சுதந்திரமானவர் என்றே அவர் கூறிக்கொண்டார். யார் உதவ வேண்டும், எப்பொழுது உதவ வேண்டும், எங்கே வாழ வேண்டும் என்பவற்றைத் தாமே முடிவு செய்தமையால் அவ்வாறு கூறினார். எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்துகொள்வதுதான் பிறர் தயவில்லாத வாழ்வு என்று கருதும் நமக்கு இது புதியது. அத்தையார் சென்னையில் இழந்தது எதனை என்பதை இவ்வரலாற்றைப் படித்த பின்னரே நாம் பெயரிட்டுச் சொல்ல முடிந்தது.

இக்கருத்தைச் சில நாடுகள் சட்டமாகவும் ஆக்கியுள்ளன. இங்கிலாந்தில் உடற்குறையுற்றோர் வீடுகளை மாற்றியமைக்க உள்ளாட்சிகள் வழங்கும் மானியம் 1990 முதல் நடைமுறையில் உள்ளது; 1996-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை இப்போதைய வடிவில் வகுத்தது. 2008 முதல் அதன் உச்சவரம்பு அங்கே 30,000 பவுண்டு. எவ்வெவற்றிற்கு மானியம் உண்டு என்னும் பட்டியலைப் படிக்குங்கால் இரண்டு இடங்களில் நாம் நின்றுவிட்டோம். உடற்குறையுற்றவர் தம் வீட்டில் உள்ள மற்றொருவரைப் பேணுவதற்காக வீட்டினுள் நடமாட வேண்டுமெனில் அதற்கும் மானியம் உண்டு. உதவி பெறுபவரே உதவி செய்பவராகவும் இருக்கக்கூடும் என்பதைச் சட்டம் எழுதியவர் எண்ணிப் பார்த்திருக்கிறார். பிற்பாடு, 2008-இல், தோட்டத்திற்குச் செல்லும் வழியும் பட்டியலில் சேர்க்கப்பெற்றது. தோட்டம் உயிர்காக்கும் பொருளன்று, ஆனாலும் சேர்த்தனர்.

ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கிய முதியோர் பராமரிப்புக் காப்பீடு, கைப்பிடி பொருத்துதல், தரையின் மேடுபள்ளம் நீக்குதல், வழுக்காத தரை அமைத்தல், கதவைத் தள்ளுகதவாக மாற்றுதல், குந்தும் கழிவறையை அமரும் கழிவறையாக ஆக்குதல் ஆகியவற்றுக்கு 2,00,000 யென் வரை வேலை செய்ய இடமளிக்கிறது. வருவாய்க்கேற்ப பத்தில் ஒரு பங்கு முதல் மூன்று பங்கு வரை முதியவர் தம் கையிலிருந்து தரவேண்டும்.

நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் செவிலியர் கல்லூரியினர் வகுத்த ‘கேப்பபிள்’ என்னும் திட்டம். சாரா ஸாண்டன் என்னும் செவிலியப் பேராசிரியர் இதனை முன்னின்று நடத்தினார். ஒரு செவிலியர், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி அளிக்கும் ஒரு சிகிச்சையாளர், வீட்டு வேலை தெரிந்த ஒரு கைவினைஞர் என மூவர் கொண்ட குழு. வறிய முதியோரின் வீட்டுக்கு நான்கைந்து மாதங்களில் செவிலியரும் சிகிச்சையாளரும் மொத்தம் பத்து முறை வரை செல்வர். கைவினைஞரின் வேலைக்கும் பொருளுக்கும் ஏறத்தாழ 1,300 டாலர் ஒதுக்கப்பெற்றது. குளித்தல், உடுத்தல், படுக்கையிலிருந்து எழுதல் முதலான எட்டு அன்றாடச் செயல்களில், தொடக்கத்தில் சராசரியாக 3.9 செயல்களில் இடர்ப்பட்டவர்கள், முடிவில் 2 செயல்களில் மட்டுமே இடர்ப்பட்டனர் என 2016-இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. 300 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வொன்றின் முடிவு 2019-இல் வெளியாயிற்று. அதிலும் இதே போக்குக் காணப்பட்டது.

எண்களைக் காட்டிலும் அவர்களுடைய முறையே நம் கருத்தைக் கவர்ந்தது. குழுவினர் வீட்டுக்குள் நுழைந்தவுடன் குறைகளைப் பட்டியலிடுவதில்லை. “நீங்கள் எதைச் செய்ய விரும்புகிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். மாடியில் தம் படுக்கையறைக்கு ஏற வேண்டும் என்பார் ஒருவர். தம் கையால் சமைக்க வேண்டும் என்பார் மற்றொருவர். அந்த விருப்பத்திலிருந்து வேலை பின்னோக்கி வகுக்கப்பெறுகிறது. அத்தையாரிடம் நாம் அவ்வினாவை ஒருமுறையேனும் கேட்டோமா? கேட்டிருந்தால் ‘பொழுது சாயுமுன் என் கையால் சமைத்து உண்ண வேண்டும்’ என்று சொல்லியிருப்பார். நாம் கேட்டதெல்லாம் ‘வலிக்கிறதா?’ என்பது ஒன்றே.

இவ்விடத்தில் அன்பர்கள் சிலர் ஒரு தடை எழுப்புவர். பெற்றோரைப் பேணுவது மக்களின் கடமை. வீட்டைப் பழுது பார்த்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது அக்கடமையைக் கொத்தனார் தலையில் ஏற்றுவதாகாதா? கைப்பிடி பேசுமா? காய்ச்சலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்குமா? இத்தடையை நாம் எளிதில் ஒதுக்கவில்லை; ஏனெனில் இது உண்மையாக நிகழக்கூடியது. ‘எல்லா வசதியும் செய்து கொடுத்துவிட்டோம்’ என்னும் சொற்றொடர், ஆண்டுக்கு ஒருமுறைகூட ஊருக்குச் செல்லாதார் வாயிலிருந்து வருவதை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் மறுபுறத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வீட்டில் வைத்துப் பேணியபோது மட்டும் நாம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தோமா? அலுவலகத்திற்கும் பள்ளிக்கும் எல்லோரும் சென்றபின், பகல் முழுவதும் அத்தையார் பூட்டிய அடுக்ககத்தில் தொலைக்காட்சியோடுதான் இருந்தார். ஊரிலோ காலையில் பால்காரம்மா, பின் ஜினாலயம், திரும்பும் வழியில் நான்கு திண்ணைகள், மாலையில் பாடம் கேட்க வரும் இரண்டு பிள்ளைகள் என்றிருந்தார்.

அச்சம் நீக்குதலையும் ஒரு தானமாகவே நம் முன்னோர் வைத்தனர். அபயதானம் என்றவுடன் கொல்லாமையை நினைப்பது நம் வழக்கம். இரவில் கழிவறைக்கு எழ அஞ்சி, அதற்காகவே மாலையில் நீர் பருகாமலிருக்கும் முதியோர் நம் ஊர்களில் எத்தனை பேர் என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு ஒரு விளக்கும் ஒரு பிடியும் கொடுப்பதை அப்பெயரால் அழைப்பது பிழையாகாது என்றே தோன்றுகிறது.

இனி, சொல்வதற்குக் கடினமான பகுதிக்கு வருகிறோம். ஊர் திரும்பிய அத்தையார் நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும் தம் வீட்டில் வாழ்ந்தார். அதன்பின் ஓர் இரவு, கட்டிலிலிருந்து இறங்கும்போது விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. விடியலில் பால்காரம்மா வந்து கதவைத் தட்டும்வரை தரையிலேயே கிடந்தார். மருத்துவமனையில் ஆறு வாரங்கள் இருந்து உயிர் நீத்தார். துக்கத்திற்கு வந்த உறவினர் ஒருவர் நம்மிடம் நேராகவே கேட்டார்: “நீங்கள்தானே கைப்பிடி வைத்துக் கொண்டுபோய் விட்டீர்கள்? சென்னையிலேயே இருந்திருந்தால் ஒரு குரலுக்கு யாராவது எழுந்திருக்க மாட்டார்களா?”

எழுந்திருப்போம். அதனை மறுக்க இயலாது. இரவில் எத்தனை நாழிகை அவர் தரையில் கிடந்தார் என்பதை நாம் அறியோம். அந்த எண்ணம் நம்மை விட்டு நீங்குவதுமில்லை. ஆயினும், அவர் திரும்பிச் செல்ல நாம் இசைந்தது தவறு என்று நம் மனம் ஒப்பவில்லை. ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட மாலைகளில் அவர் பொழுதிருக்கத் தம் கையால் சமைத்து உண்டார். அபாயத்தையும் அதனோடு சேர்த்தே அவர் தேர்ந்தெடுத்தார், தெரிந்தே தேர்ந்தெடுத்தார். நாம் ஒவ்வொருவரும் இளமையில் இருசக்கர வாகனம் ஏறுகிறோம், கடலில் குளிக்கிறோம், எவரும் நம்மைப் பூட்டி வைப்பதில்லை. 80 வயதில் மட்டும் அத்தேர்வு உரிமை எவ்வாறு பறிபோகிறது?

தவறு வேறிடத்தில் இருக்கிறது. கட்டில் உயரமாக இருக்கிறது, இறங்கும்போது கால் தரையைத் தேடுகிறது என்று அத்தையார் நம்மிடம் கூறியிருந்தார். கால்களை நான்கு அங்குலம் அறுத்துவிடலாம் என்றோம். தேக்குக் கட்டில், தாத்தா செய்வித்தது, அறுக்க மனமில்லை. வேறு கட்டில் வாங்கலாம் என்றோம். அப்படியே இரண்டு பொங்கல் கடந்தன. முதல் விழுகைக்கு உடைந்த படி காரணமென்றால், இரண்டாவதற்கு உயர்ந்த கட்டில் காரணம். இரண்டையும் நாம் முன்னரே அறிந்திருந்தோம். உடல் ஆண்டுதோறும் மாறுகிறது. 78 வயதில் பொருந்திய வீடு 82 வயதில் பொருந்தாது. ஒருமுறை வேலை செய்தோம், கடமை முடிந்தது என்று எண்ணியதே பிழை.

பொருள் பற்றியும் ஒரு சொல். கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் கூலியைத் தாமே தந்தார் அத்தையார். நிலத்துக் குத்தகைப் பணம். நாம் தர முற்பட்டபோது, “உன்னிடம் வாங்கினால் அந்தப் பிடியைப் பிடிக்கும்போதெல்லாம் உன் நினைவு வரும்; எனக்குப் பிடி மட்டும் போதும்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று அது சற்று உறுத்திற்று. வேலைக்கேற்ற கூலி கொடுத்தவர் எவருக்கும் கடன்பட்டவராகார். நன்றிக்கடன் சிலருக்கு இனிது. வேறு சிலருக்கு அது நாள்தோறும் தாண்ட வேண்டிய மற்றொரு படி. இயலாதவர்க்கு இலவசமாகச் செய்ய வேண்டியதுதான். எனினும் பத்து ரூபாயேனும் தர விரும்புவோரிடம் அதனை வாங்கிக்கொள்வது அவர்க்குச் செய்யும் மரியாதை என்று இப்பொழுது கருதுகிறோம்.

நம் நாட்டின் நிலை யாது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 60 வயது கடந்தோர் ஏறத்தாழ 10.4 கோடி, மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி. 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோருக்குப் பராமரிப்புத் தொகை தரவேண்டும் என மக்களைக் கட்டாயப்படுத்துகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட ஓர் ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்று அவர்கள் நிர்ப்பந்திக்கப்படாதிருக்க அரசு முயல வேண்டும் என்று கூறுகிறது. மிக உயர்ந்த சொல். 2017 முதல் நடுவண் அரசு வறிய முதியோர்க்கு ஊன்றுகோலும் சக்கர நாற்காலியும் செவிக்கருவியும் வழங்கும் திட்டமொன்றை நடத்திவருகிறது. நாற்காலி வந்துவிடுகிறது; வாசலில் மூன்று படிகள் அப்படியே நிற்கின்றன. ஓரடி உயரத்தை நாற்காலியில் ஏற வேண்டுமெனில் பன்னிரண்டு அடி நீளச் சரிவுப்பாதை வேண்டும். நம் தெருக்களில் அதற்கு இடமேது? ஒவ்வொரு வீட்டிற்கும் ஒருவர் நேரில் வந்து அமர்ந்து, அளந்து, யோசித்துத்தான் வழி காண வேண்டும். அந்த ஆசாரியைப் போன்ற ஒருவர்.

அவரையே மீண்டும் தேடிச் சென்றோம். நம் ஊரில் தனியே வாழும் முதியோர், உடற்குறையுற்றோர் இல்லங்களுக்கு மாதம் ஒரு ஞாயிறு வர இயலுமா என்று கேட்டோம். “கூலி உண்டென்றால் வருகிறேன், புண்ணியத்துக்கு என்றால் மூன்று மாதத்தில் நின்றுவிடுவேன், சொல்லிவிட்டேன்” என்றார். அவருடைய நேர்மை நமக்குப் பிடித்திருந்தது. கூலியைப் பகிர்ந்துகொள்ள ஐந்து குடும்பங்கள் இசைந்துள்ளன. கொத்தனார் தம் மகனை அனுப்புகிறார்.

சென்ற மாதம் முதல் வீட்டிற்குச் சென்றோம். இளமையிலேயே இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பியவர். இப்பொழுது 66 வயது. மனைவி இறந்தபின் தனியே இருக்கிறார். குளியலறைக்குப் பிடி வேண்டும், வாசலுக்குச் சரிவு வேண்டும் என்று நாம் வழியிலேயே கணக்கிட்டுக்கொண்டு சென்றோம். உள்ளே அமர்ந்ததும் ஆசாரி, “ஐயா, உங்களுக்கு எது முதலில் ஆகவேண்டும்?” என்று கேட்டார். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின், சுவரில் உயரத்தில் இருந்த ஒரு பரணைக் காட்டினார். அதன்மேல் மனைவியின் தையல் இயந்திரம் துணி சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அதனைக் கீழே இறக்கி, காலால் மிதிக்காமல் கையால் சுற்றும்படி ஒரு மேசையில் பொருத்தித் தரமுடியுமா, தெருப்பிள்ளைகளின் சட்டைகளுக்குக் கிழிசல் தைத்துத் தரத் தமக்குத் தெரியும் என்றார். குளியலறைப் பிடியை நாம் நினைவூட்டினோம். அது அடுத்த மாதம் ஆகட்டும் என்றார். ஆசாரி முழக்கோலை விரித்து, அவர் அமர்ந்திருந்த நாற்காலியிலிருந்து முழங்கை உயரத்தை அளக்கத் தொடங்கினார்.